கேள்வி கேட்கும் புரோகிராமுக்குப் பதில் சொல்லும் சி புரோகிராம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடி அறையில், ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு உட்காருகிறோம். பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மீதிப் பேர் இங்கேயே பிறந்து, பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள். மூன்று மாதமாக எங்களுக்கு ஒரே பாடம்தான். கமாண்ட் லைனில் கேள்வி கேட்டுக் கேட்டு வேலை செய்யும் ஒரு புரோகிராமை, இன்னொரு சி புரோகிராமிலிருந்து எப்படி ஓட்டுவது? அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைக்கிறேன். எல்லாமே லினக்ஸை மனதில் வைத்துச் சொன்னவை. ஃபங்ஷன் பெயர்களை நாங்கள் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

இப்படி ஒரு தேவை உண்மையில் வருமா அண்ணா?

எனக்கு வந்தது. பொம்மசந்திராவில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். தயாராகி வரும் ஒவ்வொரு போர்டையும் ஒரு டூல் வழியாகச் சோதிக்க வேண்டும். டூல் வெளியிலிருந்து வாங்கியது, சோர்ஸ் கிடையாது. ஓடவிட்டால் வரிசையாகக் கேட்கும்: போர்டு நம்பர் என்ன, எந்த மாடல், எந்த வெர்ஷன், தொடரலாமா, ரிப்போர்ட் எங்கே எழுத வேண்டும், மறுபடி ஒருமுறை தொடரலாமா, கடைசியில் பாஸ்வேர்டு. ஒரு போர்டுக்கு 7 கேள்வி. ஓசூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் ஓர் அக்காதான் அந்த பெஞ்சில் உட்காருவார். ஒரு ஷிப்டுக்கு 150 போர்டு, அதாவது ஆயிரத்துக்கு மேல் பதில். அதில் மாறுவது போர்டு நம்பர் ஒன்றுதான். சாயங்காலம் அவர் வலது மணிக்கட்டை அமுக்கிவிட்டுக்கொண்டே படி இறங்கிப் போவதைப் பார்த்த அன்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேராக பைப்பில், அதாவது ஒரு புரோகிராம் எழுதுவதை இன்னொன்று படிக்க வைக்கும் குழாயில், ஆரம்பித்துவிடலாமா?

வேண்டாம். அந்தப் புரோகிராம் கேள்வியே கேட்காமல் ஓட ஏதாவது வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாஃப்ட்வேர் நிறுவும் ஏப்ட்-கெட்டுக்கும் டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகேவுக்கும் ஹைஃபன் ஒய் கொடுத்தால் போதும். சாவி ஜோடி உருவாக்கும் எஸ்எஸ்ஹெச்-கீஜென் கேட்கும் ஃபைல் பெயரையும் பாஸ்ஃப்ரேஸையும் ஆப்ஷனாகவே முன்கூட்டிக் கொடுத்துவிடலாம். பிழை தேடும் கருவியான ஜிடிபியை இன்னொரு புரோகிராமிலிருந்து இயக்க, மெஷின் இன்டர்ஃபேஸ் என்று தனி முறையே வைத்திருக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒய் என்பதே பதில் என்றால், யெஸ் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அது ஓயாமல் ஒய், ஒய் என்று எழுதிக்கொண்டே இருக்கும்.

எங்கள் டூலில் இது எதுவும் இல்லை. மேனுவலை இரண்டு முறை படித்து, விற்றவர்களிடம் கேட்டும் பார்த்த பிறகே பைப்பைத் தொட்டேன். ஒரு ஆப்ஷனில் முடிகிற வேலைக்கு 300 வரி சி எழுதினால், பிறகு அந்த 300 வரியையும் நாம்தான் காலம் முழுக்கப் பராமரிக்க வேண்டும்.

போப்பன் போதாதா? ஒரே வரியில் முடிந்துவிடுமே?

போப்பன் ஒரு கட்டளையை ஓட்டி, அதனோடு ஒரு பைப்பைத் திறந்து தரும் ஃபங்ஷன். அதில் ஒன்று படிக்கலாம், அல்லது எழுதலாம். லினக்ஸில் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. நமக்கோ கேள்வியைக் காதில் வாங்கவும் வேண்டும், பதில் சொல்லவும் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. போப்பன் நீங்கள் கொடுக்கும் வரியை, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் கொடுத்து ஓட்டுகிறது. போர்டு நம்பரை அந்த வரியில் ஒட்டி அனுப்பினால், ஸ்கேனர் தப்பாகப் படித்த ஒரு அரைப்புள்ளிகூட ஷெல்லுக்கு வேறொரு கட்டளையாகத் தெரியும்.

பைப் பிறந்த கதையை இந்த இடத்தில் சொல்வது வழக்கம். பெல் லேப்ஸில் டக்ளஸ் மெக்கில்ராய் 1964-லேயே, தோட்டத்து ஹோஸ் குழாய்களை மாட்டுவதுபோல் புரோகிராம்களை ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்று எழுதி வைத்தார். 1973-ல் கென் தாம்ப்சன் யூனிக்ஸில் அதைச் செய்து காட்டினார். குழாய் என்றால் தண்ணீர் ஒரு பக்கம் ஊற்றி மறுபக்கம் வரும், அவ்வளவுதான். இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவது அந்த யோசனையிலேயே கிடையாது. கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி, ஒருவழிக் குழாய் இரண்டை வைத்து உரையாடல் நடத்தப் பார்ப்பதால் வருபவைதான்.

சரி, அடிப்படைப் படிகள் என்ன?

பைப் ஃபங்ஷனை இரண்டு முறை கூப்பிடுங்கள். ஒன்று நம்மிடமிருந்து டூலுக்கு, இன்னொன்று டூலிடமிருந்து நமக்கு. ஒவ்வொரு பைப்புக்கும் இரண்டு முனை. மொத்தம் நான்கு டிஸ்கிரிப்டர், அதாவது திறந்திருக்கும் முனைகளுக்கு கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தரும் எண்கள். ஒவ்வொரு புராசஸுக்கும் 0 என்பது இன்புட், 1 அவுட்புட், 2 பிழைச் செய்தி.

அப்புறம் ஃபோர்க். அது ஓடும் புராசஸை இரண்டாக்கும்: பழையது தாய், புதியது குழந்தை. குழந்தை புராசஸில், முதல் பைப்பின் படிக்கும் முனையை டூப்2 என்ற ஃபங்ஷன் வைத்து 0-ல் மாட்டுங்கள். இரண்டாவது பைப்பின் எழுதும் முனையை 1-ல் மாட்டுங்கள். பிழைச் செய்தியும் வேண்டுமென்றால் 2-லும் மாட்டுங்கள். மாட்டி முடித்ததும் பழைய நான்கையும் மூடிவிட வேண்டும். பிறகு எக்செக்விபி; அதுதான் குழந்தையை டூலாகவே மாற்றி ஓட்டுவது. தாய் புராசஸில், குழந்தைக்கு உரிய இரண்டு முனைகளை மூட வேண்டும்.

எக்செக் தோற்றால் குழந்தை எக்ஸிட்டைக் கூப்பிடக் கூடாது, அண்டர்ஸ்கோர் போட்ட எக்ஸிட்டைக் கூப்பிட வேண்டும். ஃபோர்க் ஆனபோது தாயின் பஃபரில் (எழுதுவதைச் சேர்த்து வைக்கும் இடத்தில்) எழுதப்படாமல் கிடந்ததெல்லாம் குழந்தைக்கும் ஒரு பிரதி போயிருக்கும். சாதாரண எக்ஸிட் அதை எழுதிவிட்டுத்தான் போகும். உங்கள் லாகில் ஒரே வரி இரண்டு தடவை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஷெல் வழக்கப்படி, கட்டளை கிடைக்காவிட்டால் 127 என்ற எண்ணோடு வெளியேறுங்கள்.

பதில் ஏழும் முன்பே தெரியும். மொத்தமாக எழுதிவிட்டால் என்ன?

முதல் வாரம் நானும் அப்படித்தான் செய்தேன். அழகாக ஓடியது. ஏழு பதிலையும் ஒரே மூச்சில் பைப்பில் எழுதிவிட்டு, டூல் முடியும்வரை காத்திருப்பேன். டூல் தனக்கு வேண்டியபோது ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொள்ளும்.

பிறகு டூலின் புது வெர்ஷன் வந்தது. நான்காவது கேள்விக்கு முன்னால் ஒரு புதுக் கேள்வி சேர்த்திருந்தார்கள்: பழைய கேலிப்ரேஷனை (அளவீட்டுத் திருத்தத்தை) அழிக்கலாமா? என் புரோகிராமுக்கு அது தெரியாது. 'தொடரலாமா' என்பதற்காக வைத்திருந்த ஒய், அழிக்கலாமா என்ற கேள்விக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் வந்த பதில்கள் எல்லாம் ஒரு இடம் தள்ளி விழுந்தன. யாரோ கவனித்து நிறுத்துவதற்குள் 14 போர்டு கேலிப்ரேஷன் இழந்திருந்தது. அவற்றை மறுபடி சரிசெய்ய இரண்டு பேருக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. தப்பு என்னுடையது. அந்த அக்கா கையால் டைப் செய்துகொண்டிருந்தால் புதுக் கேள்வியைப் படித்ததும் கையை எடுத்திருப்பார். நான் எழுதியது படிக்கவே இல்லை.

பிஎம்டிசி பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் 'எல்லிகெ', எங்கே போக வேண்டும், என்று கேட்டால் 'சில்க் போர்டு' என்கிறோம். 'சில்லறை இதெயா', சில்லறை இருக்கிறதா, என்று கேட்டாலும் 'சில்க் போர்டு' என்றால் எப்படி இருக்கும்? அதனால் எங்கள் குழுவில் இதை விதியாகவே வைத்திருக்கிறோம்: கேள்வியைப் படித்து, இதுதான் என்று உறுதியான பிறகே பதிலை எழுது. அடையாளம் தெரியாத கேள்வி வந்தால் பதில் சொல்லாதே. வந்ததை லாகில் எழுதிவிட்டு, டூலை நிறுத்தி, மனிதரைக் கூப்பிடு.

கேள்விக்காகக் காத்திருக்கிறேன், கேள்வியே வரவில்லை. டெர்மினலில் ஓட்டினால் வருகிறது. ஏன்?

பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். எல்லாரும் தங்கள் ரீட் லூப்பில் தப்பு தேடி ஓர் இரவைத் தொலைத்திருப்பார்கள். பெரும்பாலும் தப்பு அங்கே இருக்காது.

எதிர்ப்பக்கத்துப் புரோகிராம் சி-யில் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ப்ரிண்ட்எஃப் எழுதுவது உடனே வெளியே போவதில்லை. முதலில் ஒரு பஃபரில் விழுகிறது. அது எப்போது வெளியே போகும் என்பது, அவுட்புட் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. டெர்மினலில் மாட்டியிருந்தால் வரி முடிந்ததும் போய்விடும். லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில், வரி முடியாத ப்ராம்ப்ட்கூட (திரையில் வரும் கேள்வி வாசகம்கூட), புரோகிராம் அடுத்து இன்புட் படிக்கப் போகும்போது வெளியே தள்ளப்பட்டுவிடும். பைப்பில் மாட்டியிருந்தால் இந்த இரண்டும் நடக்காது. பஃபர் முழுக்க நிறைய வேண்டும், இல்லை புரோகிராம் முடிய வேண்டும். பைப்பாக இருந்தால் ஜிலிப்சி அந்த பஃபரை வழக்கமாக 4096 பைட்டாக வைக்கிறது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ பார்த்திருப்பீர்கள். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். 'போர்டு நம்பர்?' என்ற ப்ராம்ப்ட் பதினைந்து இருபது பைட்தான். 4096 இருக்கை உள்ள வண்டியில் அது ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. டூலோ கேள்வியைக் கேட்டுவிட்டதாக நினைத்து இன்புட்டில் காத்திருக்கிறது. நாம் கேள்வி வரட்டும் என்று அவுட்புட்டில் காத்திருக்கிறோம். இருவரும் விடிய விடியக் காத்திருப்போம்.

ஸ்டாண்டர்ட் எரர் மட்டும் தனி ஆட்டோ. பஃபர் இல்லாமல் உடனே கிளம்பிவிடும். அதனால்தான் சில டூல்களின் பிழைச் செய்தி வருகிறது, ப்ராம்ப்ட் வருவதில்லை. இது புதிதாக வருபவர்களை ரொம்பக் குழப்பும்.

இதில் மனதில் வைக்க வேண்டியது: அந்த பஃபர் எதிர்ப்பக்கத்துப் புராசஸின் நினைவகத்துக்குள் இருக்கிறது. அது கெர்னலுக்கு வரவே இல்லை. நம் பக்கம் பஃபர் முறையை மாற்றும் செட்வி-பஃப் போட்டாலும், பஃபரை உடனே வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் போட்டாலும், ஸ்லீப்பைக் கூட்டினாலும் அதைத் தொட முடியாது.

அப்படியென்றால் தீர்வு?

சோர்ஸ் கையில் இருந்தால் ப்ராம்ப்ட்டுக்குப் பின்னால் ஒரு எஃப்ஃப்ளஷ். முடிந்தது.

சோர்ஸ் இல்லையென்றால் ஸ்டட்பஃப் என்ற கட்டளையை முயன்று பார்க்கலாம்; க்னூ கோர்யூட்டில்ஸோடு வருகிறது. எல்டி ப்ரீலோட் வழியாக ஒரு சின்ன லைப்ரரியை உள்ளே ஏற்றி பஃபர் முறையை மாற்றுகிறது. ஆனால் ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த, அதாவது லைப்ரரியைத் தனக்குள்ளேயே கட்டி வைத்திருக்கும், புரோகிராமிடமும், சி லைப்ரரியின் பஃபரைப் பயன்படுத்தாத புரோகிராமிடமும், தானே செட்வி-பஃப் போட்டுக்கொண்ட புரோகிராமிடமும் இது செல்லாது. பைத்தான் ஸ்கிரிப்டாக இருந்தால் பைத்தானுக்கே ஹைஃபன் யூ என்று ஒரு ஆப்ஷன் உண்டு.

எங்கள் டூல் ஸ்டாட்டிக். மிச்சமிருந்தது போலி டெர்மினல்தான். நாங்கள் பிடிஒய் என்போம். கெர்னல் ஒரு ஜோடி முனை தரும். ஒரு முனை நம் கையில். மறு முனை டூலுக்கு அசல் டெர்மினல் மாதிரியே தெரியும். 'இது டெர்மினலா?' என்று ஐஸாட்டி ஃபங்ஷனைக் கேட்டுப் பார்த்தாலும் ஆமாம் என்றே பதில் வரும். அதனால் டூல் வரிக்கு வரி அனுப்பும் முறைக்கு மாறிவிடும், ப்ராம்ப்ட் வந்துவிடும். அன்று இரவு திரையில் முதல்முறை 'போர்டு நம்பர்?' என்று வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

எழுதுவதும் எளிது. பைப் இரண்டு, ஃபோர்க், டூப்2 எல்லாம் போய் ஃபோர்க்பிடிஒய் என்ற ஒரே அழைப்பு. குழந்தைக்கு 0, 1, 2 மூன்றும் மாட்டி, கன்ட்ரோலிங் டெர்மினலையும் (அந்தப் புராசஸ் சார்ந்திருக்கும் டெர்மினலையும்) அமைத்துக் கொடுத்துவிடும். ஜிலிப்சி 2.34-க்கு முந்தையது என்றால் லிங்க் செய்யும்போது யூட்டில் லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். அந்த வெர்ஷனிலிருந்து அது சி லைப்ரரிக்குள்ளேயே வந்துவிட்டது.

பிடிஒய் போட்டதும் நான் எழுதியதே எனக்குத் திரும்பி வருகிறதே?

அதுதான் எக்கோ. நாம் டைப் செய்வது திரையில் தெரிவது டெர்மினல் ட்ரைவர் செய்யும் வேலை. போலி டெர்மினலும் அதை ஒழுங்காகச் செய்கிறது. டெர்மினல் அமைப்பைப் படித்து மாற்றும் டிசிகெட்-அட்டர், டிசிசெட்-அட்டர் கொண்டு எக்கோவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பதிலையே அடுத்த கேள்வி என்று எண்ணிப் பொருத்திவிடும் ஆபத்து உண்டு.

வரி முடிவில் நியூலைன் மட்டும் வராது, முன்னால் ஒரு கேரேஜ் ரிட்டர்னும் சேர்ந்து வரும். அதையும் அதே இடத்தில் அணைக்கலாம், அல்லது ஒப்பிடும்போது தவிர்க்கலாம்.

டெர்மினல் என்று நம்பிவிட்டதால் சில புரோகிராம்கள் வண்ணம், ப்ராக்ரஸ் பார் எல்லாம் போட ஆரம்பிக்கும். டெர்ம் என்ற சூழல் மாறியை டம்ப் என்று வைத்து ஓட்டினால் பலவும் அடங்கிவிடும்.

மறு முனையை டூல் மூடிவிட்டால் நம் ரீட் 0 தராது. லினக்ஸில் இஐஓ என்ற பிழை வரும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இங்கே அதுதான் முடிவின் அடையாளம். நாமாக 'இன்புட் முடிந்தது' என்று சொல்ல, பைப்பில் செய்வதுபோல் முனையை மூட முடியாது. வரியின் தொடக்கத்தில் 4 என்ற பைட்டை, அதாவது கன்ட்ரோல் டி-யை எழுத வேண்டும். 3 எழுதினால் கன்ட்ரோல் சி அழுத்தியதாகவே ஆகும்.

ப்ராம்ப்ட்டை எப்படிப் படிப்பது? எஃப்கெட்ஸ் தொங்கிவிடுகிறது.

எஃப்கெட்ஸ் ஒரு முழு வரியைப் படிக்கும் ஃபங்ஷன், நியூலைனுக்காகக் காத்திருக்கும். ப்ராம்ப்ட்டின் முடிவில் நியூலைன் இருக்காது; கேள்விக்குப் பக்கத்திலேயே கர்சர் நிற்கும். அதனால் ரீட்டை நேரடியாகப் பயன்படுத்துங்கள்.

ரீட் ஒருமுறை தருவதே முழுக் கேள்வி என்று நம்பிவிடாதீர்கள். 'போர்' ஒரு தடவையிலும் 'டு நம்பர்?' அடுத்த தடவையிலும் வரலாம். முந்தைய வரியின் வால் முன்னால் ஒட்டிக்கொண்டும் வரலாம். வந்ததையெல்லாம் ஒரு நீண்ட பஃபரில் சேர்த்துக்கொண்டே போய், அதன் கடைசிப் பகுதி நமக்குத் தெரிந்த கேள்வியோடு முடிகிறதா என்று ஒவ்வொரு ரீட்டுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். பொருந்தியதும் பஃபரைக் காலி செய்துவிட்டுப் பதிலை எழுதுங்கள். காலி செய்ய மறந்தால் பழைய கேள்விக்கே மறுபடி பதில் போகும்.

ரீட்டுக்கு முன், படிக்க ஏதாவது வந்திருக்கிறதா என்று காத்துப் பார்க்கும் 'போல்' (poll) ஃபங்ஷனை வையுங்கள், நேர வரம்போடு. எங்களுக்கு 20 விநாடி. அதற்குள் தெரிந்த கேள்வி வரவில்லையென்றால், அதுவரை வந்ததை அப்படியே லாகில் எழுதி, குழந்தையைக் கொன்று, போர்டைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லிவிடும். ஸ்லீப் போட்டுக் குத்துமதிப்பாகப் பதில் அனுப்புவதை நான் யாரிடமும் ஏற்றுக்கொள்வதில்லை. மெஷின் மெதுவாக ஓடும் ஒரு நாளில் அது உடையும்.

இன்னொன்று. ஓட்டும் மெஷினில் மொழி மாறினால் கேள்வியின் வாசகமும் மாறலாம். எல்சி ஆல் என்ற மாறியை சி என்று வைத்துவிட்டு எக்செக் செய்யுங்கள்.

பைப் முறையில் குழந்தை முடியவே மாட்டேன் என்கிறது. முனையை மூடிவிட்டேனே?

உங்களிடம் இருந்த முனையை மூடிவிட்டீர்கள். வேறு யாரிடமோ ஒன்று திறந்திருக்கிறது. எழுதும் முனையின் எல்லாப் பிரதியும் மூடினால்தான் மறுபக்கத்துக்கு முடிவு தெரியும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம், குழந்தை தன் இன்புட் பைப்பின் எழுதும் முனையை மூடியதா என்பது. மூடவில்லையென்றால், தனக்கு எழுத இன்னும் ஆள் இருக்கிறது என்று தன்னையே நம்பிக் காத்திருக்கும்.

இரண்டாவது இடம் கண்ணுக்குச் சிக்காது. பெஞ்சில் நான்கு ஸ்லாட், நான்கு டூலை ஒரே நேரத்தில் ஓட்டினோம். ஆரம்ப நாட்களில், பைப் வைத்து முயன்றபோதே பார்த்தது இது: நான்காவது மட்டும் ஒழுங்காக முடியும், அது முடியும்வரை முதல் மூன்றும் நிற்கும். இரண்டாவது ஃபோர்க் நடக்கும்போது, முதல் டூலுக்கான எழுதும் முனை தாயிடம் திறந்திருந்தது. அதன் பிரதி இரண்டாவது குழந்தைக்கும் போய்விட்டது. மூன்றாவதற்கும், நான்காவதற்கும் அப்படியே. பைப்புக்குப் பதில் பைப்2 கூப்பிட்டு, ஓ க்ளோஎக்செக் கொடியைக் கொடுங்கள். எக்செக் ஆனதும் அந்த டிஸ்கிரிப்டர்கள் தாமாக மூடிக்கொள்ளும். டூப்2 போட்டு மாட்டிய 0, 1-க்கு அந்தக் கொடி ஒட்டாது, அதனால் அவை திறந்தே இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுவே.

நிறைய டேட்டா எழுதினால் இரு பக்கமும் உறைந்துவிடுகிறது.

பைப்புக்குக் கொள்ளளவு உண்டு. லினக்ஸில் 2.6.11 கெர்னலிலிருந்து வழக்கமாக 65,536 பைட். அதற்கு முன் ஒரு பேஜ், 4096 பைட்தான். நிறைந்துவிட்டால் எழுதுபவர் நின்றுவிடுவார். நீங்கள் படிக்காமல் எழுதிக்கொண்டே இருக்க, டூலும் அவுட்புட்டை எழுதிக்கொண்டே இருந்தால், இரண்டு பைப்பும் நிறைந்து இருவரும் ரைட்டில் சிக்கிக்கொள்வீர்கள். சின்ன டேட்டாவில் ஓடியது, பெரிய டேட்டாவில் நின்றது என்றால் இதைச் சந்தேகியுங்கள். படிப்பதையும் எழுதுவதையும் ஒரே 'போல்' (poll) லூப்பில் வைப்பதே மருந்து. கேள்விக்கு ஒரு வரி பதில் என்று போகிற வேலையில் இது அபூர்வம்.

டூல் நடுவில் செத்தால் என் புரோகிராமும் சத்தமில்லாமல் சாகிறது.

படிக்க ஆளில்லாத பைப்பில் எழுதினால் சிக்பைப் சிக்னல் வரும். அது வழக்கமாகப் புராசஸைக் கொன்றுவிடும். அந்த சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டால் ரைட் தோற்று, இபைப் என்று பிழை எண் தரும். ஆனால் புறக்கணிப்பு எக்செக்கைத் தாண்டியும் தொடரும். குழந்தையில் எக்செக்குக்கு முன் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

குழந்தை போனதும் வெயிட்பிஐடி கட்டாயம். இல்லையென்றால் ஜாம்பிகள், அதாவது செத்தும் பட்டியலிலிருந்து நீங்காத புராசஸ்கள், சேர்ந்துகொண்டே போகும்.

பாஸ்வேர்டு மட்டும் பைப்பில் போக மாட்டேன் என்கிறது.

இன்னொரு மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் போன்றவை பாஸ்வேர்டை ஸ்டாண்டர்ட் இன்புட்டில் கேட்பதில்லை. டெவ் டிடிஒய் என்ற கன்ட்ரோலிங் டெர்மினலையே நேராகத் திறந்து கேட்கும். 0-ஐ எங்கே மாட்டியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பிடிஒய் ஒன்றைக் கன்ட்ரோலிங் டெர்மினலாகக் கொடுத்தால் அங்கே வந்து கேட்கும்.

அங்கும் அவசரப்படக் கூடாது. பாஸ்வேர்டு கேட்பவை எக்கோவை அணைக்கும்போது, அதற்கு முன் டைப் செய்து வைத்திருந்ததை வீசிவிடுவது வழக்கம். பாஸ்வேர்டு கேட்கும் கெட்பாஸ் ஃபங்ஷன் அப்படித்தான் செய்கிறது. ப்ராம்ப்ட் வருவதற்கு முன் அனுப்பிய பாஸ்வேர்டு காணாமல் போய்விடும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பாஸ்வேர்டே வேண்டாத வழி இருந்தால் அதையே எடுங்கள். எஸ்எஸ்ஹெச்சுக்கு சாவி ஜோடி இருக்கிறது. அட்மின் அனுமதியோடு கட்டளை ஓட்டும் சூடோவுக்கு ஹைஃபன் பெரிய எஸ் கொடுத்தால் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்தே படிக்கும். அதைவிட, வேண்டிய ஒரு கட்டளைக்கு மட்டும் அனுமதி எழுதி வைப்பது நல்லது. நிறைய யூசர்களுக்குப் பாஸ்வேர்டு வைக்க சிஹெச்பாஸ்வேர்டு என்ற கட்டளையே இருக்கிறது. எந்த நிலையிலும் பாஸ்வேர்டைக் கட்டளையின் ஆர்க்யுமென்டாகக் கொடுக்காதீர்கள். ஓடும் புராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடித்தால் அதே மெஷினில் இருக்கும் மற்றவர்கள் கண்ணிலும் படும். சி கோடுக்குள் எழுதி வைத்தாலும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளை ஒரு விநாடியில் எடுத்துக் கொடுத்துவிடும்.

தொங்கி நிற்கும்போது எங்கே நிற்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்ட்ரேஸ். ஒரு புராசஸ் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் கருவி. ஹைஃபன் பி கொடுத்து, நிற்கும் டூலின் புராசஸ் எண்ணோடு ஓட்டுங்கள். அது 0-ல் ரீட்டில் நிற்கிறது, நமக்கோ ப்ராம்ப்ட் வரவில்லை என்றால் பஃபர் பிரச்சினை. 1-ல் ரைட்டில் நின்றால் பைப் நிறைந்துவிட்டது. வெயிட்டில் நின்றால் அது தன் குழந்தைக்காகக் காத்திருக்கிறது. அந்தக் குழந்தையைப் பாருங்கள். ப்ராக் அடைவில் அந்த எண்ணுக்குக் கீழே எஃப்டி என்ற அடைவைத் திறந்தால், எந்த டிஸ்கிரிப்டர் எந்த பைப்பில் மாட்டியிருக்கிறது என்பது தெரியும். மூட மறந்த முனையும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கோடைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் யோசிப்பதற்குப் பதிலாக, இந்த இரண்டையும் முதலில் பார்க்கும் பழக்கம் வர வேண்டும் என்பதற்காக, ஞாயிற்றுக்கிழமைகளில் யார் கோடையும் நான் முதலில் வாங்கிப் பார்ப்பதில்லை. ஸ்ட்ரேஸ் அவுட்புட்டைக் கேட்கிறேன்.

எக்ஸ்பெக்ட் இருக்கும்போது சி-யில் எதற்கு இந்தப் பாடு?

எக்ஸ்பெக்ட், கேள்வி கேட்கும் புரோகிராம்களை ஓட்டவே எழுதப்பட்ட அருமையான கருவி. அமெரிக்காவில் என்ஐஎஸ்டி என்ற அரசு ஆய்வகத்தில் இருந்த டான் லீபிஸ் (Don Libes) 1990-ல் டிசிஎல் மொழியின் மேல் கட்டியது. மேலே சொன்ன பிடிஒய், பொருத்திப் பார்த்தல், நேர வரம்பு எல்லாம் அதில் உண்டு. பைத்தானில் பிஎக்ஸ்பெக்ட் இருக்கிறது. ஆபீஸில் நாளைக்குள் வேலை முடிய வேண்டுமென்றால் அவற்றையே எடுங்கள், தயங்க வேண்டாம்.

எங்கள் பெஞ்ச் கன்ட்ரோலர் முழுக்க சி. அந்தச் சின்ன மெஷினில் பைத்தானோ டிசிஎல்லோ ஏற்ற இடமில்லை. அதனால் சி. கற்றுக்கொள்பவர்களுக்கு நான் சி-யில் ஒருமுறையாவது எழுதச் சொல்வதற்குக் காரணம் வேறு: எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட் ஒன்று தொங்கும்போது, உள்ளே பிடிஒய் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அதைச் சரிசெய்கிறார்.

பழக எதை எடுத்துக்கொள்வது?

நீங்களே 15 வரியில் ஒன்று எழுதுங்கள். ப்ரிண்ட்எஃப்பில் நியூலைன் இல்லாமல் பெயர் கேட்கட்டும், பிறகு ஊர் கேட்கட்டும், இரண்டையும் சேர்த்து ஒரு வரி எழுதட்டும். முதலில் டெர்மினலில் ஓட்டுங்கள். பிறகு இரண்டு பைப் வைத்து ஓட்டி, அது தொங்குவதை ஸ்ட்ரேஸில் கண்ணால் பாருங்கள். பிறகு ஃபோர்க்பிடிஒய். கடைசியாக, நடுவில் ஒரு புதுக் கேள்வியைச் சேர்த்துவிட்டு, உங்கள் புரோகிராம் நிற்கிறதா, இல்லை ஏதோ ஒரு பதிலை அனுப்பிவிடுகிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையில் தேறாமல் எதையும் பெஞ்சுக்கு அனுப்பாதீர்கள்.

நாமே கேள்வி கேட்கும் டூல் எழுதினால்?

ஒவ்வொரு ப்ராம்ப்ட்டுக்கும் பின்னால் எஃப்ஃப்ளஷ் போடுங்கள். கேட்பது எல்லாவற்றையும் ஆப்ஷனாகவும் கொடுக்க வழி வையுங்கள். ஐஸாட்டி வைத்து, எதிரில் மனிதர் இல்லை என்று தெரிந்தால், கேட்காமல் தெளிவான பிழைச் செய்தியோடு வெளியேறுங்கள். எதையாவது அழிக்கும் கேள்விக்கு ஒய் என்ற ஒரே எழுத்தைப் பதிலாக ஏற்காதீர்கள். முழுச் சொல்லாகக் கேளுங்கள். எங்கள் டூலை எழுதியவர்கள் அந்தப் புதுக் கேள்விக்கு அப்படிச் செய்திருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிய ஒய் அங்கேயே நிராகரிக்கப்பட்டிருக்கும், 14 போர்டும் பிழைத்திருக்கும்.